நாற்பத்திரண்டு நாள் முந்திப் பிறந்தவன்

என் அக்காவின் மகன் பிறந்தது 2007 நவம்பர் 20ஆம் திகதி. அவனுடைய சாதகத்தைக் கணித்துத் தந்த சாத்திரியார் நட்சத்திரம், இலக்கினம், தசை இருப்பு என்று பலவற்றையும் விளக்கமாகச் சொன்னார். அந்த வருடம் முடிய இன்னும் 42 நாட்கள் கிடக்கின்றன என்பதை அவரும் பொருட்படுத்தவில்லை, நாங்களும் பொருட்படுத்தவில்லை. பதினாறரை வருடங்கள் கழித்து, 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், 17 வயதுக்குட்பட்டோர் தேசிய உதைபந்தாட்ட அணிக்கான தெரிவு பற்றிய தகவலொன்று அவனுடைய தொலைபேசிக்கு வந்தது. அதில் "2008 ஜனவரி 1ஆம் திகதி அல்லது அதற்குப் பின்னர் பிறந்தவர்கள்" என்ற ஒரு வரி இருந்தது. அவன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் தந்தான். "மாமா, எனக்கு இன்னும் பதினேழு ஆகேல்லத்தானே?" என்று கேட்டான். ஆகவில்லைதான், ஆனாலும் அந்த வரியின்படி அவன் வயது கடந்தவன்.

இளையோர் அணியின் வயதெல்லையைப் பிறந்தநாளோடு சேர்த்து நினைப்பது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். கணக்கு அப்படிப் போவதில்லை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்துக்கு 2006 ஜனவரி 1ஐயும், 2025ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்கு 2008 ஜனவரி 1ஐயும் எல்லை நாட்களாக வைத்திருந்தது. தகுதிகாண் ஆட்டங்கள் அதற்கு முந்திய ஆண்டிலேயே நடந்துவிடும். அதாவது 2022இல் 2006ஆம் ஆண்டுப் பிள்ளைகளும் 2007ஆம் ஆண்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று தெரிவுக்கு முகங்கொடுத்தார்கள்; 2024இல் 2007ஆம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே போய்விட்டார்கள். இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவனுக்கு ஏதாவதொரு சுற்றில் மூத்தவனாக நிற்கும் காலம் வரும். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவனோ, அதிலும் நவம்பரில் பிறந்தவனோ, தன்னைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்த உடம்புகளோடு மோதித்தான் தன் திறமையைக் காட்ட வேண்டும். முப்பது வயதில் இரண்டு வருட வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையில் அது தோள் அகலம், தொடைப் பலம், குரல், தன்னம்பிக்கை எல்லாவற்றிலும் தெரியும்.

இதைச் சதியென்று நான் சொல்ல வரவில்லை. எங்கேயோ ஒரு கோடு போட்டாகவேண்டும். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடந்ததால் கோடும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நகர்ந்தது, அவ்வளவுதான். 2025 முதல் அந்தக் கிண்ணத்தை 48 அணிகளோடு கட்டாரில் ஆண்டுதோறும் நடத்த, உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீஃபா முடிவெடுத்திருக்கிறது. அதனால் ஆசியாவின் கோடும் இனி வருடாவருடம் நகரும். 2026ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்கு அது 2009 ஜனவரி 1. பின்னால் வரும் பிள்ளைகளுக்கு இது நல்லது. என் மருமகனுக்கு அந்தத் திருத்தம் பிந்தி வந்தது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். உதைபந்தாட்டம் இங்கே தொலைக்காட்சியில் பார்க்கும் விளையாட்டு மட்டுமல்ல. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மருதானை, கொம்பனித்தெரு என்று கொழும்பின் நெருக்கமான பகுதிகளில், கிரிக்கெட்டுக்குத் தேவையான விசாலமான புல்வெளி கிடைக்காத இடங்களில், இந்த விளையாட்டு பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. ரத்னம், சோண்டர்ஸ், ரினோன், ஜாவா லேன் என்ற கழகப் பெயர்களை எங்கள் அப்பா மாமன் மச்சான்களின் பெயர்களைப் போலச் சொல்லுவார். கொம்பனித்தெருவில் உள்ள சிற்றி லீக் மைதானத்தில் தமிழ், சிங்களம், மலாய் மூன்றிலும் ஒரே மூச்சில் ஏசக்கூடிய மனிதர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட சுற்றாடலில் வளர்ந்த பிள்ளை பந்தோடு திரிவதில் வியப்பில்லை. அவன் இடதுகாலன், பாடசாலை அணியில் இடது ஓரத்தில் விளையாடினான். மெலிந்த உடம்பு.

2022ஆம் ஆண்டை இந்த நாட்டில் எவரும் மறந்திருக்க முடியாது. எரிபொருள் வரிசைகள், மின்வெட்டு, மூடப்பட்ட பாடசாலைகள், ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியது, அதன்பின் கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல். அந்த 4 லீற்றரில்தான் நான் வேலைக்கும் போய், மருமகனைத் தெரிவுப் பயிற்சிகளுக்கும் ஏற்றி இறக்கினேன். அப்போது அவனுக்குப் பதினைந்துகூட நிறையவில்லை. தெரிவுக்கு வந்திருந்த பயிற்றுநர் ஒருவர் அவனுடைய பந்துக் கட்டுப்பாட்டைப் பாராட்டிவிட்டு, உடம்பு போதாது, அடுத்த வருடம் வா என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். கனிவான மனிதர், அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. அவரும் கோட்டைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்.

அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது. நாட்டின் நிலைமை சரியில்லை என்று கிரிக்கெட்டின் ஆசியக் கிண்ணம் இலங்கையிலிருந்து ஐக்கிய அரபு எமிரேட்சுக்கு மாற்றப்பட்டது. அதே நாட்களில் தெற்காசியாவின் 17 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, அதே நிலைமை சரியில்லாத கொழும்பில், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு, இலங்கை என்று ஆறு நாட்டுப் பிள்ளைகள் விளையாடினார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளை அனுப்பத் தயங்காத நாடுகள் இருந்தன. வளர்ந்த கிரிக்கெட் வீரர்களை அனுப்பத்தான் தயக்கம் இருந்திருக்கிறது.

ரேஸ்கோர்ஸைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனமில்லை. 1893இல் குதிரைப் பந்தயத்துக்காகத் திறக்கப்பட்ட திடல் அது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாகியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய ஈஸ்டர் ஞாயிறன்று இங்கிருந்தும் போர் விமானங்கள் எழும்பின. இப்போது பழைய பார்வையாளர் மாடம் கடைத்தொகுதியாகிவிட்டது. ஒரு பக்கம் கோப்பி வாசனை. மறுபக்கம், வேலியோரத்தில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக் கத்தும் தாய்மார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் மகனின் ஆட்டத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, முகம் கழுவ அந்தக் கடைத்தொகுதியின் கழிவறையைப் பயன்படுத்தியதாக வெட்கத்தோடு சொன்னார்.

நான் பார்த்த ஆட்டங்களில் எங்கள் பிள்ளைகள் பந்தில் குறைந்தவர்களாகத் தெரியவில்லை. முதல் அரைமணி நேரம் எவரோடும் சரிசமமாக ஓடினார்கள். சிறிய இடத்தில் பந்தைத் திருப்பியெடுக்கும் லாவகம் அவர்களிடம் இருந்தது. குச்சொழுங்கைகளில் பழகிய கால்கள் அப்படித்தான் இருக்கும். இரண்டாம் பாதியில்தான் வேறுபாடு தெரிந்தது. எதிரணி பந்தை இழந்தவுடன் நாலு பேர் ஒரே கணத்தில் இடம் மாறினார்கள், எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக யோசித்து மாறினார்கள். இதைக் களைப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒன்றாக விளையாடிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் அந்த நேரத்தில் வெளியே வருகிறது. மருமகன் அதைத் தன் பாணியில் சொன்னான்: "அவங்கள் கதைக்காமலே விளையாடுறாங்கள் மாமா. நாங்கள் கத்திக் கத்தித்தான் விளையாடுறம்."

செப்டெம்பர் 11ஆம் திகதி, ஒரே நாளில், துபாயில் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தையும் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்ட அணி ஆசியச் சம்பியன் பட்டத்தையும் வென்றன. 13ஆம் திகதி கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புவரை திறந்த பஸ்ஸில் ஊர்வலம். பல மாதத் துயரத்துக்குப் பிறகு மக்கள் வீதியோரத்தில் நின்று சிரித்த நாள் அது, நானும் கையசைத்தேன். அடுத்த நாள் ரேஸ்கோர்ஸில் 17 வயதுக்குட்பட்டோரின் இறுதியாட்டம். இந்தியா நேபாளத்தை 4-0 என்று வென்றது. அதே நேபாளத்திடம் குழு நிலையில் தோற்றிருந்த இந்தியா, பத்து நாட்களுக்குள் தன்னைத் திருத்திக்கொண்டு வந்து நான்கு கோல்களைப் போட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் இன்னும் முந்திய நாள் ஊர்வலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மருமகனின் மனத்தில் நின்றது "அடுத்த வருடம்" என்ற சொல்தான். அந்த வருடம் முழுக்க முட்டையும் கடலையும் தின்று, விடியற்காலையில் ஓடி, இரண்டரை அங்குலம் வளர்ந்தான்.

அடுத்த வருடம் எப்படி விடிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்ற காரணத்தைக் காட்டி 2023 ஜனவரி 21 முதல் இலங்கை உதைபந்தாட்ட நிர்வாகத்தை பீஃபா இடைநிறுத்தியது. யார் தலைவர், எந்த யாப்பின்படி தேர்தல், அமைச்சுக்கு எவ்வளவு அதிகாரம் என்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தங்களுக்குள் பிடித்த சண்டையின் முடிவு அது. தடை ஆகஸ்ட் கடைசியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் இலங்கை இல்லாமல் நடந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் திம்புவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் போட்டியிலும், அதே மாதக் கடைசியில் காத்மண்டுவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் இலங்கையின் பெயர் இல்லை. தடை நீங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. அதற்குள் அணிகள் பிரிக்கப்பட்டு அட்டவணை போடப்பட்டுவிட்டது.

தேசிய முதன்மை அணிக்கு ஏழு மாதத் தடை என்பது ஒரு தொல்லை. இருபத்தாறு வயது வீரன் இருபத்தேழில் திரும்பி வந்து விளையாடிக்கொள்வான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது ஒரு முழுப் பிரிவு. 16 வயதுக்குட்பட்டோர் அணியில் விளையாடியிருக்கவேண்டிய ஒருவனுக்கு அந்த அணியைப் பின்னொரு நாளில் யாரும் திருப்பித் தர முடியாது, அவன் பதினேழாகிவிடுவான். தண்டனை கொடுத்தவர்களும் அதை வரவழைத்தவர்களும் இந்தக் கணக்கை எந்தக் கூட்டத்தில் பேசினார்கள் என்று அறிய எனக்கு ஆவல்.

அதே வருடம் நவம்பரில் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தையும் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. ஆனாலும் இலங்கைப் பிள்ளைகள் அங்கே போய் விளையாடினார்கள். நிர்வாகத்துக்கான தண்டனையை நிர்வாகத்தோடு நிறுத்தி, அணிகளை விளையாட விட்டார்கள். உதைபந்தாட்டத்தில் அந்தப் பிரிப்பு இல்லை. கிரிக்கெட்டை எப்போதும் குறைசொல்லும் என் போன்ற உதைபந்தாட்டக்காரர்கள் இந்த ஒன்றையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு பரீட்சை. 2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை, நாட்டின் நெருக்கடிகளால் தள்ளிப்போய் 2024 மே மாதத்தில் நடந்தது. அக்கா பந்தை எடுத்து அலுமாரியின் மேலே வைத்தாள். நான் அவளைக் குறைசொல்லவில்லை. ரியூசன் முடிய இரவு எட்டு மணி, அதற்குமேல் எந்த மைதானத்தில் வெளிச்சம் இருக்கிறது? பரீட்சை முடிந்து ஒரு மாதமளவில்தான் அந்த 2008 ஜனவரி 1 என்ற வரி வந்து சேர்ந்தது. செப்டெம்பரில் திம்புவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு இலங்கை அணி போனது. அவன் அதன் ஆட்டங்களைக் கட்டிலில் படுத்தபடி தொலைபேசியில் பார்த்தான்.

வயதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கோடு கடுமையாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நீண்ட காலம் இருந்தது. இதற்காக பீஃபா 2009ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது. முன்கையின் ஆரை எலும்பில், மணிக்கட்டுக்கு அருகில் உள்ள வளர்ச்சித் தட்டு, எலும்போடு முற்றாகப் பொருந்திவிட்டதா என்று ஆறு படிநிலைகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆறாவது படி என்றால் பிள்ளை பதினேழைத் தாண்டிவிட்டான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கதிர்வீச்சு இல்லாததால் எக்ஸ்ரேயைவிட இது பாதுகாப்பானது. ஆனால் எலும்பு எல்லோருக்கும் ஒரே நாளில் பொருந்துவதில்லை என்பதால், உண்மையாகவே பதினாறு வயதான ஒருவன் அரிதாக மாட்டிக்கொள்ளவும் இடமுண்டு.

என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பரிசோதனையல்ல, அதற்கு முன்னே கேட்கப்படும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். 2025இல் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் நின்ற பிள்ளைகள் எந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2008, 2009. இறுதி யுத்தம் நடந்த அந்த நாட்களில் வன்னியில் பிறந்த ஒரு பிள்ளை, ஓடிக்கொண்டிருந்த தாய்க்குப் பிறந்த பிள்ளை. பதிவாளர் எங்கே, பதிவேடு எங்கே? எத்தனையோ குடும்பங்கள் முகாமுக்கு வந்து, பின்னர் மீளக் குடியமர்ந்து, நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, காலங்கடந்த பதிவாகத்தான் அந்தப் பத்திரத்தைப் பெற்றன. தாயின் நினைவில் "மாத்தளனில இருக்கேக்க" என்றிருக்கும் ஒரு நாள், பத்திரத்தில் ஒரு திகதியாக மாறியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஜனவரி 1 என்ற கோட்டின் எந்தப் பக்கம் தான் நிற்கிறேன் என்பது எழுதியவரின் பேனா முனையில் முடிவானதாக இருக்கலாம். என் மருமகனின் 42 நாட்களைப் பற்றி நான் இவ்வளவு புலம்புவது, அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது எங்கள் தேசிய முதன்மை அணியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெர்லினில் பிறந்து யூனியன் பெர்லின் கழகத்தில் வளர்ந்த வசீம் ராசிக், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் என்று, ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கைப் பெற்றோரின் பிள்ளைகள் பலர் அதில் இருக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனல்டி முறையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனபோது நாங்கள் எல்லோரும் துள்ளினோம். வெளியில் பிறந்தவர்கள் எங்களவர்களா என்ற விவாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, மனம் இருக்கிறது, வந்து விளையாடுகிறார்கள். எனக்குள்ள கேள்வி வேறு. அந்தப் பிள்ளைகளின் மாமன் மச்சான்கள் இங்கேயும் இருக்கிறார்கள். இரத்தம் ஒன்று, சாப்பாட்டில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் அங்கே வளர்ந்தவன் வாராவாரம் தன் வயதுக்காரரோடு ஓர் ஒழுங்கான ஆட்டம் விளையாடியிருப்பான். இங்கே வளர்ந்தவனோ பாடசாலைப் பருவகாலத்தில் சில ஆட்டங்களும், வெளியேற்றச் சுற்று என்றால் ஒரேயொரு ஆட்டமும் விளையாடிவிட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருந்திருப்பான்.

ஐரோப்பா தேவையில்லை, பங்களாதேஷைப் பார்த்தாலே போதும். டாக்காவுக்கு அருகே சாவாரில் 1986 முதல் இயங்கும் அரச விளையாட்டுக் கல்வி நிறுவனத்தில் பிள்ளைகள் தங்கிப் படித்து அங்கேயே பயிற்சியும் பெறுகிறார்கள். பரீட்சையும் பந்தும் ஒரே வளவுக்குள். எங்களிடம் பரீட்சை ஒரு அமைச்சு, பந்து இன்னொரு அமைச்சு.

2025 செப்டெம்பரில் தெற்காசியாவின் 17 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டி மறுபடியும் ரேஸ்கோர்ஸுக்கு வந்தது. 27ஆம் திகதி இறுதியாட்டத்துக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெற்றோலுக்கு வரிசை இல்லை. அவனுக்கும் இப்போது என்னைவிட உயரம். இந்தியாவும் பங்களாதேஷும் 2-2 என்று முடித்து, பெனல்டியில் இந்தியா 4-1 என்று வென்றது. அவன் ஆட்டத்தை ஒரு பயிற்றுநரைப் போல, கைகட்டி, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்ற பிள்ளைகள் புல்லில் விழுந்து கிடந்ததைப் பார்த்து, "இவங்களுக்கு அடுத்த வருஷமும் இருக்கு என்ன?" என்றான்.

வீடு திரும்பும் வழியில் நான் அவனுக்கு ஒரு விடயத்தைச் சொன்னேன். 2027ஆம் ஆண்டின் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்துக்கும், அதற்கு முன் நடக்கும் ஆசியத் தகுதிகாண் ஆட்டங்களுக்கும் எல்லை நாள் 2007 ஜனவரி 1. பதினேழில் அவனை வெளியே தள்ளிய அதே நாட்காட்டி, இருபதில் அவனுடைய ஆண்டையே முன்வரிசையில் நிறுத்துகிறது. தகுதிகாண் சுற்று 2026இல். பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டான்:

"மாமா, ரெண்டாயிரத்து இருபத்தாறுதானே எனக்கு ஏஎல்?"

ஓமென்றேன், உயர்தரப் பரீட்சை அந்த வருடந்தான். விளக்குப் பச்சையாகும்வரை அவன் விரல்களை மடித்து மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கதிரையொன்றை இழுத்துப் போட்டு, அலுமாரியின் மேலிருந்த பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தான். காற்று இறங்கியிருந்தது. காற்றடிக்கும் ஊசி எங்கே என்று அக்காவிடம் கேட்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தையல் பெட்டிக்குள் தேடு என்றாள்.